கிணறு வெட்டப் போய்க் கண்ட சுனாமி மணல்

மட்டக்களப்பு கல்லடியில் மாமாவின் பழைய வளவில் போன மாதம் கொட்டுக் கிணறு இறக்கினோம். 2004க்குப் பிறகு யாரும் குடியேறாத வளவு, வீட்டு அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடக்கிறது. வாவிப் பக்கம் என்பதால் மேல்மண் நல்ல கறுப்பு. ஒரு சாண் வெட்டியதும் அந்தக் கறுப்புக்குள் நாலு விரல் தடிப்பில் வெள்ளைக் கோடு ஒன்று, கடற்கரைக் குருத்து மணலேதான், சிப்பித்தூள் மினுங்குது. அதற்குள்ளே உடைந்த ஓடு, நைலோன் கயிறு, நிறம்கூடப் போகாத ஒரு சம்பூ பக்கற். "சுனாமி மண் தம்பி" என்றார் வெட்டியவர், அவருக்கு அது புதினமே இல்லை.

எங்கள் அம்மம்மா முந்தி சொல்லுவா, "மனே, நம்மட பூட்டன் காலத்திலயும் கடல் இந்த மேட்டில ஏறல்ல" என்று. ஊர் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. இந்த ஊரே அழிந்து ஆயிரம் வருடம் கழித்து யாராவது தோண்டினால் அந்தப் பக்கற்றை வைத்தே நாங்கள் எந்தக் காலத்துச் சனம் என்று பிடித்துவிடுவான், ஆனால் கடல் வராது என்று நம்பியிருந்தோம் என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

பூட்டன் கணக்கு எவ்வளவு சின்னது என்று பிறகு வாசித்ததில்தான் விளங்கியது. சுமாத்திராவில் பண்டா ஆச்சேக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குகை, தரையைத் தோண்டினால் வௌவால் எச்சம் ஒரு படை, அலை கொண்டுவந்த மணல் ஒரு படை என்று மாறி மாறி வருகிறது. சுமார் 7,400 முதல் 2,900 வருடங்களுக்கு முன் குறைந்தது 11 பேரலைகள்! எங்கள் அம்பாந்தோட்டைப் பக்கம் கரகான் களப்பிலும் பல்லாயிரம் வருடப் பழைய கடல்மணல் படைகள் எடுத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் கதை வேறு, அதே 2004 அலை மண்ணை அரித்ததில் புதைந்து கிடந்த பல்லவர் காலச் சிற்பங்கள் வெளியே வந்தன. மறைக்கப்பட்ட வரலாறு என்று யூடியூப்பில் கத்துகிறவர்கள் ஒருக்கால் இந்த வௌவால் எச்சத்தையும் பார்க்கலாம்.

இப்போது எங்கள் பக்கம் புதுக்கதை ஒன்று ஓடுகிறது, வந்தது வந்துவிட்டது, இனி எங்கட காலத்தில் வராது என்று. ஆச்சே குகையில் 2,000 வருடத்துக்கு மேல் ஒன்றுமே வராத காலமும் இருக்கிறது, ஒரே நூற்றாண்டுக்குள் 4 வந்த காலமும் இருக்கிறது. மாமாவுக்குச் சொன்னேன், கேட்டுவிட்டு அத்திவாரம் எந்த உயரத்தில் போடுவது என்று மேசனிடம் கதைக்கப் போய்விட்டார்.

கல்முனை, திருக்கோவில் பக்கம் கிணறு வெட்டினவர்களுக்கு இந்த மணல் எத்தனை அடியில் தட்டுப்பட்டது?