குச்சிக்குக் கக்கத்துல ரத்தமா? பெருமாள்மலையில பார்த்தது, நீங்களும் பார்த்திருந்தா சொல்லுங்க

மலைக்கோழி:
போன வாரம் கொடைக்கானல் போற வழியில பெருமாள்மலைல எங்க மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், மழை விட்டு சொட்டு சொட்டா விழுந்துட்டு இருந்துச்சு. பின்னாடி பாத்திரம் கழுவுற இடத்துல ஒரு ரோஜாச் செடி காடா வளந்து கெடக்கு, அத்தை "அந்தக் காஞ்ச குச்சிய ஒடிச்சுப் போடுடா, வரும்போதும் போகும்போதும் சேலைய இழுக்குது"ன்னாங்க. நானும் கைய வச்சேன். குச்சி மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது. பக்கத்துல ஒரு இலை கூட அசையல, இது மட்டும் ஆடுது. எனக்கு சப்த நாடியும் அடங்கிருச்சு.

போன் டார்ச் அடிச்சுப் பாத்தா பூச்சி! மூணரை இஞ்ச் இருக்கும், ரெக்கை கிடையாது, பழுப்பும் இல்லாம பச்சையும் இல்லாம ஒரு கலர். முன்னங்கால் ரெண்டையும் நேரா முன்னாடி நீட்டி ஒட்டி வச்சிருந்துச்சு, அதனால தலை எங்க இருக்குன்னே தெரியல, தலை இல்லாத பூச்சியோன்னு நெனச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன், அந்தக் கால் தொடங்குற இடத்துல உள்பக்கமா ஒரு வளைவு, செதுக்கி விட்ட மாதிரி, அந்தப் பள்ளத்துல தலைய சொருகி வச்சிருக்கு. லேசா தொட்டதும் கால விரிச்சுச்சு பாருங்க, உள்ள கக்கத்துல செக்கச்செவேல்னு குங்குமம் அப்பின மாதிரி. ஐயோ நான்தான் நசுக்கிட்டேன், ரத்தம் வருதுன்னு பதறிட்டேன். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருந்துச்சு.

அத்தை கும்பிடு பூச்சிங்கறாங்க, மாமா குச்சிப்பூச்சிங்கறாரு. அதுலயும் இது எந்த வகை, யாருக்காவது தெரியுமா?

வால்பாறை டீக்கடை:
மாமா சொன்னதுதான் கரெக்ட் ப்ரோ. கும்பிடு பூச்சிக்கு முன்னங்கால் அருவா மாதிரி மடங்கி முள்ளு முள்ளா இருக்கும், அது மத்த பூச்சிய புடிச்சுத் திங்கிற ஆளு, தலையத் திருப்பி நம்மளயே மொறைக்கும். இது இலைய மட்டும் திங்கிற சாது.

எங்க லைன் வீட்டு ஜன்னல்ல ஒண்ணு வந்துச்சு, நல்ல காஞ்ச சருகு கலரு. பையன் புடிச்சு மேசைல போட்டான், ஆறு காலையும் உடம்போட ஒட்டிக்கிட்டு விறைச்சுருச்சு. தூக்கிப் பாக்குறோம், பொரட்டிப் பாக்குறோம், குச்சிதான். செத்துப்போச்சுடான்னு நான் டீ போட போயிட்டேன், அரை மணி கழிச்சு வந்தா மேசை காலி. இன்னொரு தடவ கதவ சாத்தும்போது ஒரு கால் மாட்டிக்கிச்சு, காலைக் கழட்டி விட்டுட்டு அது பாட்டுக்கு நடந்து போயிருச்சு, அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. ஆனா சிவப்பு எதுவும் பார்த்த ஞாபகம் இல்ல.

லண்டன் பூவரசு:
உதை வாசிச்சுப்போட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. என்ரை மகன் மூண்டாம் வகுப்பிலை படிக்கேக்கை பள்ளிக்கூட லீவுக்கு வகுப்புப் பூச்சியை வீட்டை கொண்டு வந்தவன், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளை எட்டு. ரீச்சர் எழுதி விட்ட கடதாசியிலை 'இந்தியன் ஸ்டிக் இன்செக்ட்' எண்டு போட்டிருந்தது. இஞ்சை கனக்கப் பள்ளிக்கூடங்களிலை இதைத்தான் வளர்க்கிறவை. நீங்கள் சொன்ன அந்தச் சிவப்பு கக்கம், அதேதான்!

சாப்பாட்டுக்கு ரோட்டோரத்து பிளாக்பெரி இலை, இல்லாட்டி ஐவி. தண்ணியைத் தெளிச்சு விட்டால் இலையிலை நிக்கிற துளியைக் குடிக்கும். இரவிலை கூடத்திலை படுத்திருந்தால் டிக் டிக் எண்டு சத்தம், நான் எலி எண்டு பயந்து போனன், பாத்தால் எட்டும் முட்டையைப் பேப்பரிலை விழுத்துதுகள். ஒளிச்சு வைக்கிறதும் இல்லை, ஒட்டி வைக்கிறதும் இல்லை, நிண்ட இடத்திலையே விழுத்தி விடுறது.

பகிடி என்னெண்டால் ரீச்சர், முட்டையைக் குப்பையிலை போட முதல் ஃப்ரீசருக்கை வைக்கச் சொல்லி எழுதியிருந்தவ, வெளியிலை போய்ப் பொரிச்சுப் பெருகக் கூடாதாம். மீன் பக்கற்றுக்குப் பக்கத்திலை பூச்சி முட்டை. மனுசன் ஐஸ்கிறீமுக்கு எதையோ தூவ வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சிட்டார்.

சேவலே இல்லாமல் எட்டும் முட்டை போட்டது எப்பிடி எண்டு மகன் கேட்டவன், எனக்கு மறுமொழி தெரியேல்லை.

பூச்சிக் கிறுக்கன்:
அக்கா, சேவல் தேவையே இல்ல. உங்க பெட்டில இருந்த எட்டும் பொண்ணுதான், அதுங்க போட்ட முட்டைல வர்றதும் பொண்ணுதான், ஆண் எப்பவாவது அபூர்வமா ஒண்ணு வரும். ஒத்தப் பூச்சி இருந்தாலே போதும், ஒரு வருஷத்துல பெட்டி நிறைஞ்சிரும். அதான் ஃப்ரீசர்ல வைக்கச் சொல்றாங்க. தென்னாப்பிரிக்கா, கலிஃபோர்னியால எல்லாம் தப்பிச்சுப் போய் வெளியிலயே குடும்பம் நடத்துது.

மலைக்கோழி ப்ரோ, நீங்க பாத்ததும் பெரும்பாலும் அக்கா சொன்ன இந்தியன் ஸ்டிக் இன்செக்ட்தான், அறிவியல் பேரு கராசியஸ் மொரோசஸ். இதுல எனக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்னா, இந்தப் பூச்சி முதல்ல அறிவியலுக்குக் கிடைச்சதே உங்க மாமா ஊருக்குப் பக்கத்துல இருக்கற செண்பகனூர்லதான். அங்க சேசு சபை சாமியார்கள் 1895ல ஆரம்பிச்ச திரு இருதயக் கல்லூரி இருக்குல்ல, மியூசியம் கூட இருக்கே, அந்தக் காலத்துல செண்பகனூர்ல இருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிங்கள வச்சு ராபர்ட் டி சினெட்டின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், அவரும் சேசு சபைதான், 1901ல இதுக்குப் பேர் வச்சாரு. மொரோசஸ்னா லத்தீன்ல உம்முன்னு சிடுசிடுன்னு இருக்கற ஆள்னு அர்த்தம். மூஞ்சியப் பாத்து வச்சாரோ என்னவோ. பழைய புத்தகத்துல டிக்ஸிப்பஸ் மொரோசஸ்னு இருக்கும், அதுவும் இதேதான். உலகம் பூரா லேப்லயும் ஸ்கூல்லயும் லட்சக்கணக்குல இருக்கு, நம்ம காலேஜ்ல என் கூடப் படிச்ச ஒருத்தனுக்கும் இது நம்மூரு பூச்சின்னு தெரியல. கரப்பான அறுத்தே மூணு வருஷம் போச்சு.

அடையாளத்துக்கு வர்றேன். நிறத்தை நம்பாதீங்க. இதே இனத்துலயே பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு, தோல் செல்லுக்குள்ள நிறமித் துகள் நகர்றதால ஒரே பூச்சி ராத்திரில கருத்து பகல்ல வெளுக்கும். ரெக்கை இல்லாதது, வளந்த பொண்ணு எட்டுல இருந்து பத்து சென்டிமீட்டர், முன்னந்தொடை அடியில உள்பக்கம் சிவப்பு, இது மூணும் சேந்து இருக்கணும். டீக்கடை அண்ணா, சிவப்பு இல்லைன்னா உங்களோடது வேற வகையா இருக்கலாம், இல்ல குட்டியா இருக்கலாம், மேற்குத் தொடர்ச்சி மலைல குச்சிப்பூச்சி இது ஒண்ணு மட்டும் இல்ல. குட்டியா இருந்தா போன காலுக்குக் கவலைப்படாதீங்க, அடுத்தடுத்த தோல் உரிப்புல சின்னதா முளைச்சு வரும். பெருசாகறதுக்குள்ள அஞ்சாறு தடவை உரிக்கும், தலைகீழாத் தொங்கிக்கிட்டு சட்டை கழட்டற மாதிரி. கழட்டின சட்டையையும் தின்னுரும். வளந்து முடிஞ்சதுன்னா இனி உரிப்பு இல்ல, காலும் வராது.

நீங்க சொன்னத மட்டும் வச்சு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். முட்டை கிடைச்சா பாருங்க, இந்த ஆளுங்களுக்கு முட்டைதான் ஆதார் கார்டு. ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர், பழுப்பு, மேல ஒரு மூடி, மூடி மேல மஞ்சளா ஒரு குமிழ். சில வகைக் குச்சிப்பூச்சிங்கள்ல அந்தக் குமிழுக்காகவே எறும்பு முட்டையப் புத்துக்குத் தூக்கிட்டுப் போகும், குமிழ மட்டும் தின்னுட்டு மிச்சத்தை பத்திரமா மண்ணுக்குள்ள விட்டுரும்.

இன்னொண்ணு, நடக்கும்போது பின்னங்காலப் பாருங்க. நடுக்கால் எங்க நிக்குதோ கிட்டத்தட்ட அதே இடத்துலதான் பின்னங்காலும் வந்து விழும். முன்னாடி கால் புடி கிடைச்ச இடம் உறுதின்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு பின்னங்கால் தடவிக்கிட்டு இருக்கணும்? ஜெர்மனில பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்துல இத வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி ஹெக்டர்னு ஆறு கால் ரோபோவே செஞ்சிருக்காங்க. செண்பகனூர் நடை அது.

வால்பாறை டீக்கடை:
அப்ப அந்த ஆடறது எதுக்கு? அத சொல்லலையே தம்பி

பூச்சிக் கிறுக்கன்:
காத்துல ஆடற குச்சி மாதிரி நடிப்புண்ணா. வாயால லேசா ஊதிப் பாருங்க, உடனே ஆட ஆரம்பிக்கும். அன்னைக்கு அவரு கை வச்சதும் காத்துன்னு நெனச்சு ஆடிருச்சு, அதுலதான் மாட்டிக்கிச்சு பாவம்.

மலைக்கோழி:
அப்டேட். மாமாவுக்கு போன் போட்டு விஷயத்த சொன்னேன். மனுசன் மறுநாள் ராத்திரியே டார்ச்சோட போய்த் தேடி, அதே செடில அரை மணி நேரம் கழிச்சு கண்டுபுடிச்சு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல ரோஜாக் கிளையோட போட்டு, வாய வேட்டித் துணியால கட்டி வச்சிருக்காரு. காலைல அடியில மூணு முட்டை. முள்ளங்கி விதை மாதிரி இருக்குன்னாரு. பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து "மூடி இருக்குடா, மூடி மேல மஞ்சக் குமிழும் இருக்கு"ன்னு போன்ல கத்துறாரு, பின்னாடி அத்தை "மொதல்ல அத வெளிய விடுங்க, பாட்டில் வேணும்"ங்கறாங்க.

பூச்சிக் கிறுக்கன்:
அப்ப அதேதான் ப்ரோ! அது அங்கயே பொறந்த ஊர்க்காரி, ஃப்ரீசர் எல்லாம் வேணாம். முட்டைய செடி அடிலயே மண்ணுல போட்டுருங்க, மூணு நாலு மாசத்துல பொரிக்கும்.

மலைக்கோழி:
போட்டாச்சு, பூச்சியயும் விட்டாச்சு. சேலை இழுக்கற குச்சி இன்னும் அப்படியேதான் இருக்கு. அத்தை இப்ப எந்தக் குச்சிய ஒடிக்கப் போனாலும் மொதல்ல குனிஞ்சு ஃபூன்னு ஊதிப் பாக்கறாங்களாம்.