துளைப்பானா, குடைவா? பெரணி ஈக்கு ஒரு பெயர்

ஐயா, வணக்கம்.

பெரணிச் செடியின் (fern) இலைக்குள் புழுவாக வாழும் ஈக்கு நம் தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் சேர்க்க, ‘பெரணி இலைத்துளைப்பான் ஈ’ என்று தாங்கள் பரிந்துரைத்ததைப் படித்தேன். ‘துளைப்பான்’ எனக்கு உறுத்துகிறது. காய்த்துளைப்பானும் தண்டுத்துளைப்பானும் ஓட்டை போடுபவை. இந்த ஈயின் புழு ஓட்டையே போடுவதில்லை. இலையின் மேல்தோலையும் அடித்தோலையும் விட்டுவிட்டு நடுச்சதையை மட்டும் தின்றபடி போகிறது.

ஐரோப்பாவில் நாக்குப்போல நீண்ட, பிளவில்லாத இலையுள்ள பெரணி ஒன்று உண்டு. அதில் வாழும் பைட்டோமைசா ஸ்கோலோபென்ட்ரி என்ற ஈயைப் பாருங்கள் (1851-இல் பெயரிடப்பட்டது). தாய் ஈ முட்டையை இலைக்குள்ளேயே செருகிவிடும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் வெளிறிய கோடு ஒன்று நெளிந்து ஓடும். தொடக்கத்தில் நூல்போல இருக்கும். புழு வளர வளர அகலும். உள்ளே புழுவின் எச்சம். இது குடைதல்தான். ‘குடைவரை’ என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறதே! ‘இலைகுடை ஈ’ என்போம்.

‘சுருட்டு ஈ’ என்ற யோசனையும் வேண்டாம். கைரோசியா பெட்டுலெட்டி என்ற இன்னொரு ஈயின் புழு பெரணி இலையின் நடுநரம்பைக் குடைவதால் நுனி சுருண்டு முடிச்சாகிறது என்பது உண்மைதான். மற்ற இலைகள் விரிந்த பிறகும் அந்த நுனி விரியாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதைக் காணலாம். ஆனால் ‘சுருள் பூச்சி’ என்று நிலக்கடலை விவசாயிகள் ஏற்கெனவே ஓர் அந்துப்பூச்சியைச் சொல்கிறார்கள். அதன் புழுவும் முதலில் குடைந்து, பிறகுதான் இலைகளை மடித்துப் பிணைக்கும். கண்ணில் படுவதை வைத்து அவர்கள் இட்ட பெயர் அது. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

---

தம்பி, குடைதல் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இலைகுடை’ என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் பழக்கத்தில் ஒற்றுப் போட்டுவிடுவார்கள். ‘இலைக்குடை’ என்றால் இலையால் செய்த குடை! மழைக்குப் பிடிப்பது. ‘குடைவு’ என்று பெயர்ச்சொல்லாக்கிவிடுங்கள். புழு தின்ற வழி ‘இலைக்குடைவு’, பூச்சி ‘இலைக்குடைவு ஈ’. ஒற்றும் இயல்பாக நிற்கும்.

---

ஐயா, குடை எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. ‘இலைக்குடைவு ஈ’ என்றே பட்டியலில் சேர்க்கிறேன். கோடாக ஓடுவதை ‘நெளிகுடைவு’ என்றும், திட்டாகப் பரவுவதைக் ‘கொப்புளக்குடைவு’ என்றும் பிரிக்கலாமா?