போட் ட்ரெயிலர் பின்னுக்குப் போகுதில்லை, சில்லு இறுகுது – அவசர உதவி

ஸ்காபரோவாசி:
19 அடி போட் ஒண்டு ட்ரெயிலரோட வாங்கினது. டொயோட்டா ஹைலண்டர் காரில கொழுவி 401 ஹைவேயால கொண்டு வந்தாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப டிரைவ்வேக்குள்ள பின்னுக்கு விட்டால் ட்ரெயிலர் சில்லு அப்பிடியே இறுகுது, கார் உறுமுது. முன்னுக்கு எடுத்தால் சாதாரணமா உருளுது. சனிக்கிழமை சிம்கோ ஏரியில இறக்கோணும். என்ன செய்யிறது? கெதியா சொல்லுங்கோ.

நங்கூரம்:
எந்த வருஷ ஹைலண்டர்? வி6 ஆ, ஹைபிரிட்டா? ட்ரெயிலரில என்ன பிரேக், டிரம்மா டிஸ்க்கா? காரில இருக்கிற பிளக்கில எத்தினை பின்? டிரைவ்வே ஏற்றமா, மட்டமா? இதுகளைச் சொல்லாமல் எல்லாரும் இருட்டில தடவ வேண்டியதுதான்.

கிரீஸ் கை:
சில்லுப் பெயரிங் போயிருக்கும். பழைய போட் ட்ரெயிலரில முதல் சாகிறது அதுதான். சூடான ஹப், அதாவது சில்லின்ர நடுப்பகுதி, குளிர் தண்ணிக்குள்ள போனால் உள்ள காத்துச் சுருங்கி, சீல் வழியா தண்ணியை இழுக்கும், கிரீஸ் பால் நிறமாகும். சில்லை ஜாக்கில தூக்கிக் கையால சுத்திப் பாருங்கோ.

நங்கூரம்:
பெயரிங் எண்டால் முன்னுக்கும் இரையும், ஹப் சுடும். ஆள் முன்னுக்குச் சாதாரணமா உருளுது எண்டு சொல்லுறார்.

சிறு ஓடம்:
பிரேக்அவே கேபிள், அதாவது ட்ரெயிலர் கழண்டால் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற கம்பி, இழுபட்டிருக்கலாம், பாருங்கோ.

நங்கூரம்:
அது இழுபட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இறுகும் தம்பி.

கப்பல் மாமா:
ஒண்டாரியோவில 1,360 கிலோவும் அதுக்கு மேலயும் வாற ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். அந்தப் பிரேக் எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்காமல் 401 இல ஏறினது பெரிய பிழை. கையேட்டின்ர முதல் பக்கங்களிலயே இருக்கிற விஷயம். இஞ்ச கேக்க முதல் அதை வாசிச்சிருக்கோணும்.

ஸ்காபரோவாசி:
2019, வி6. மட்டமில்லை, ஏற்றம். பிரேக் டிஸ்க். காரில தட்டையான 4 பின். ட்ரெயிலர் பிளக்கில 5 இருக்கு, ஆனால் கொழுவுப்பட்டது, லைற் எல்லாம் எரியுது.

பழைய மெக்கானிக்:
விடை அந்த அஞ்சாவது பின்னிலதான் இருக்கு. உங்கட ட்ரெயிலரில இருக்கிறது சேர்ஜ் பிரேக். கார் வேகம் குறைய ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளும், முனையில காரின்ர பந்தில கொழுவுற கப்ளர் உள்ளுக்குச் சறுக்கும், அது பிரேக் ஒயிலைத் தள்ளுற மாஸ்ரர் சிலிண்டரை அமத்தும், பிரேக் பிடிக்கும். ஏற்றத்தில பின்னுக்குத் தள்ளேக்கயும் கப்ளர் அதே மாதிரித்தான் உள்ளுக்குப் போகுது. நீங்கள் தள்ளுறீங்கள் எண்டு அதுக்குத் தெரியாது.

அதைத் தெரியப்படுத்திறதுதான் அஞ்சாவது, நீல வயர். காரின்ர றிவேர்ஸ் லைற்றில இருந்து 12 வோல்ற் வந்தால் சோலனாய்ட் எண்ட மின் வால்வு பிரேக் ஒயில் போற வழியை அடைக்கும். 4 பின் பிளக்கில அந்தக் கம்பி அந்தரத்தில நிக்குது. டிரம் பிரேக் எண்டால் அநேகமா பின்னுக்குப் போகேக்க தானே விடுற அமைப்பு உள்ளுக்கு இருக்கும், டிஸ்க்குக்கு அப்பிடி இல்லை.

இப்ப செய்ய வேண்டியது: காரின்ர றிவேர்ஸ் லைற் வயரில இருந்து ஒரு கம்பி இழுத்து 5 பின் சொக்கெற் போடுங்கோ. இல்லாட்டி 7 பின் சொக்கெற் போட்டு 7இல இருந்து 5க்கு மாத்திற அடப்டர் வாங்குங்கோ. ஹான்ட்பிரேக்கை இழுத்து, இஞ்சின் நிக்க சாவியை மட்டும் ஒன் பண்ணி றிவேர்ஸ் கியர் போடுங்கோ. ட்ரெயிலர் முனைப் பக்கம் நிண்டால் 'டிக்' எண்டு சத்தம் கேக்கோணும். கேக்காட்டி கரண்ட் வருதோ எண்டு ரெஸ்ற் லைற்றால பாருங்கோ. கரண்ட் வந்தும் சத்தம் இல்லையெண்டால் வெள்ளை வயர், அதாவது எர்த், துருப்பிடிச்சிருக்கும்.

சிறு ஓடம்:
7 பின்னிலயும் நீல வயர் ஒண்டு இருக்கே, நீலத்தை நீலத்தோட கட்டினால் சரிதானே?

பழைய மெக்கானிக்:
கட்டவே கூடாது! 7 பின்னில நீலம் எலெக்ரிக் பிரேக்குக்கு உரியது. காரில அந்த எலெக்ரிக் பிரேக்குக்குக் கரண்ட் குடுக்கிற பிரேக் கொன்ட்ரோலர் இருந்தால், நீங்கள் பிரேக்கை மிதிக்கிற அதே நேரம் சோலனாய்ட் ட்ரெயிலர் பிரேக்கை அடைச்சுப்போடும். அவ்வளவு பாரமும் உங்கட முதுகில. றிவேர்ஸ் வயர் வழக்கமா நடுப் பின்னில வரும். நிறத்தை நம்பாமல் ரெஸ்ற் லைற்றை நம்புங்கோ.

ஏரிக்காத்து:
சனிக்கிழமைக்கு முதல் கடைக்குப் போகேலாட்டி: சில ட்ரெயிலர் முனையில கப்ளர் உள்ளுக்குச் சறுக்காமல் தடுக்கிற ஓட்டை இருக்கும், அதுக்குரிய பின்னைச் செருகிப் பின்னுக்கு விடலாம். ரோட்டில ஏற முதல் கட்டாயம் கழட்டுங்கோ, இல்லாட்டி ட்ரெயிலருக்குப் பிரேக்கே இல்லை. ஏரியில போட் இறக்கிற றாம்ப் இறக்கமெண்டபடியால் அங்க இந்தப் பிரச்சினை வராது, போட் தன்ர பாரத்தில கப்ளரை வெளிய இழுத்துக்கொண்டே போகும்.

கப்பல் மாமா:
றாம்ப்பில எப்பிடியும் லைற் பிளக்கைக் கழட்டித்தான் இறக்கோணும்.

ஏரிக்காத்து:
அது பழைய குமிழ் பல்ப்புக்கு. சூட்டோட தண்ணி பட்டால் வெடிக்கும். சீல் பண்ணின எல்ஈடிக்குத் தேவையில்லை.

கப்பல் மாமா:
நான் சொல்லுறதுதான் முறை. எல்ஈடியிலயும் சீல் வெடிச்சது எத்தினையோ இருக்கு. அதோட முனைப் பாரம், அதாவது ட்ரெயிலர் முனை காரின்ர பந்தை அமத்திற பாரம், மொத்தப் பாரத்தில 10 முதல் 15 வீதம் இருக்கோணும், அதையும் ஒருத்தரும் சொல்லேல்லை.

நங்கூரம்:
அந்தக் கணக்கு பொதுவான ட்ரெயிலருக்கு. போட் ட்ரெயிலருக்கு 5 முதல் 10 வீதம் எண்டு தயாரிக்கிறவையே எழுதுகினம். உதாரணத்துக்கு மொத்தம் 3,700 இறாத்தல் எண்டால் முனையில 185 முதல் 370. முனையை ஜாக்கில கொழுவுற உயரத்துக்கு வைச்சு அளக்கோணும். குறைஞ்சால் வால் ஆடும், கூடினால் காரின்ர பின்பக்கம் குந்தும். போட்டை இழுத்து ஏத்திற வின்ச் நிக்கிற தூணை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளித்தான் சரிசெய்யிறது. ஆனால் போட்டின்ர பின்சுவர் ட்ரெயிலர் தாங்குபலகையின்ர நுனியில இருக்கோணும், வெளிய தொங்கவிட்டால் அடித்தட்டு வளையும்.

கப்பல் மாமா:
5 வீதத்தோட ஹைவேயில 100இல போக முடியாது.

நங்கூரம்:
5 எண்டது கீழ் எல்லை. நானும் 8க்குக் கிட்ட வைக்கத்தான் சொல்லுவன்.

ஸ்காபரோவாசி:
7 பின் போட்டு அடப்டர் வாங்கினது. 'டிக்' கேக்குது, ஏற்றத்தில ஏறிட்டுது. நன்றி அண்ணாமார்.

கிரீஸ் கை:
பெயரிங்கையும் ஒருக்கால் பாருங்கோ.

ஏரிக்காத்து:
சனிக்கிழமை: கப்ளரில குத்தியிருக்கிற அளவும் பந்தில குத்தியிருக்கிற அளவும் ஒண்டா? 2 அங்குலக் கப்ளர் 1⅞ பந்திலயும் பூட்டும், மேட்டில துள்ளிக் கழண்டுபோகும். சங்கிலி ரெண்டையும் முனைக்குக் கீழ குறுக்காக் கொழுவுங்கோ. போட்டைப் பின்னால ட்ரெயிலரோட கட்டுற பின்பட்டி றாம்ப் வரைக்கும் இருக்கட்டும். இறக்க முதல் போட்டில தண்ணி வடியிற ஓட்டையை மூடுற டிரெயின் பிளக்கைப் பூட்டுங்கோ. வெளிய எடுத்தபிறகு அதைக் கழட்டிச் செடி கொடியைத் துப்பரவாக்கித்தான் ரோட்டில ஏறோணும், 2022இல இருந்து ஒண்டாரியோவில அது சட்டம். சிம்கோவில சீப்ரா மட்டி எண்ட அந்நிய இனம் இருக்கு, மற்ற ஏரிக்குக் காவிப்போடாதேங்கோ.