லோரோங் கூலிட் சிலிண்டர்: நம்பரை நம்புவதா, அளவை நம்புவதா?

ஜெலுத்தோங் மோட்டோ: ஞாயிற்றுக்கிழமை பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு டூ ஸ்ட்ரோக் சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கினேன். இங்கிலாந்தின் பழைய மோட்டார் சைக்கிளான பிஎஸ்ஏ பேன்டம் டி1-உடையது என்றார் விற்றவர். ஆனால் சிலிண்டரில் வார்த்திருக்கும் நம்பர் பார்ட்ஸ் புத்தகத்தில் இல்லை, போர் (உள் துளையின் விட்டம்) 53 மி.மீ. வருகிறது, பிஸ்டன் தலையில் 40 என்று குத்தியிருக்கிறது. இது என்ன வண்டியுடையது?

பட்டர்வொர்த்காரன்: பேன்டம் இல்லை தம்பி. டி1 போர் 52. பேன்டம் பார்ட் நம்பர் 90 என்று தொடங்கும். புத்தகத்தில் இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

ஆயர் ஈத்தாம் பட்டறை: அண்ணே, அவசரப்படாதீர்கள். வார்ப்பு நம்பர் வேறு, பார்ட் நம்பர் வேறு. ஒரே வார்ப்பை வெவ்வேறு மாதிரி கடைந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி பார்ட் நம்பர் வரும், வார்ப்பில் இருப்பது மாறாது. அப்புறம் அந்த 40. ஜப்பான் பிஸ்டனில் 25, 50, 75, 100 என்று குத்துவார்கள், 50 என்றால் அரை மில்லிமீட்டர் கூடுதல். 40 அந்த வரிசையில் இல்லை. இங்கிலாந்து பிஸ்டனில் அது அங்குலத்தில் ஆயிரத்துக்கு 40, அதாவது 1.016 மி.மீ. 52-உடன் கூட்டுங்கள், 53 வருகிறது. தேய்ந்த துளையைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்ட, அதாவது ரீபோர் செய்த டி1 இது.

பட்டர்வொர்த்காரன்: கணக்கு சரி, முடிவு சரியில்லை. பேன்டமே ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125-ஐப் பார்த்துச் செய்த வண்டி. 1955-இல் வந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் ஒய்ஏ1-உம் அதே வம்சம்தான், மூன்றுக்கும் போர் 52, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 58. பிஸ்டனை யாராவது மாற்றிப் போட்டிருந்தால்? அதோடு தேய்ந்த சிலிண்டரில் எந்த இடத்தில் அளந்தார் என்றே தெரியாமல் 53 என்பதை எப்படி நம்புவது?

ஆயர் ஈத்தாம் பட்டறை: நியாயமான கேள்வி. தம்பி, பிஸ்டன் ரிங் ஓடாத அடிப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள், மேலே தேய்மானம் அதிகம். சைலன்சர் பைப் நட் ஏறும் மரையில் திரெட் கேஜ் (மரையின் பல் அளவு பார்க்கும் தகடு) வையுங்கள். அங்குல கேஜ் பொருந்தினால் இங்கிலாந்து, மெட்ரிக் பொருந்தினால் ஜெர்மனியோ ஜப்பானோ.

ஜெலுத்தோங் மோட்டோ: அளந்துவிட்டேன். அடியிலும் 53தான். மரையில் மெட்ரிக் கேஜ் எதுவும் உட்காரவில்லை, அங்குல கேஜ் கச்சிதமாக உட்கார்ந்தது.

பட்டர்வொர்த்காரன்: அப்படியென்றால் பேன்டம்தான், ஏற்கிறேன். ஆனாலும் நம்பர் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை, சந்தையில் கேஜ் எல்லாம் வைத்துப் பார்க்க எந்தக் கடைக்காரர் விடுவார்?

ஆயர் ஈத்தாம் பட்டறை: கேட்டால் விடுகிறார்கள் அண்ணே. தம்பி, பிஸ்டனை மாட்டும் முன் ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்.