நாளை ஃபைனல், நாளையே குடும்பம் வருகிறது: ஃப்ராங்க்ஃபர்ட்காரர்கள் உதவுங்கள்

மயிலாப்பூர்க்காரன்:
வணக்கம். ஃப்ராங்க்ஃபர்ட் வந்து சில வாரங்கள்தான் ஆகிறது. நாளை, 2022 மே 18 இரவு, மனைவியும் கைக்குழந்தையும் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஆபீஸில் "நாளைக்கு ரயில் பக்கமே போகாதே" என்று பயமுறுத்துகிறார்கள். ஏதோ ஃபுட்பால் ஃபைனலாம். மேட்ச் ஸ்பெயினில்தானே? இங்கே எதற்குக் கூட்டம்? ரயில் ஓடுமா? டிக்கெட் தேதியை மாற்ற வழியில்லை. அவசரம், ப்ளீஸ்.

ஹெஸன்வாசி:
"ஏதோ ஃபைனல்" என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்! நம் ஃப்ராங்க்ஃபர்ட் டீம் ஐன்ட்ராக்ட், ஸ்பெயினின் செவில் நகரில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுடன் ஆடும் யூரோப்பா லீக் ஃபைனல் அது. ஐன்ட்ராக்ட் கடைசியாக ஐரோப்பியக் கோப்பை வென்றது 1980இல். இந்த வருடம் லீக்கில் 11ஆம் இடம். அந்த டீம் பார்சலோனாவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று சாய்த்தது. அன்று இங்கிருந்து போன ரசிகர்கள் மட்டும் முப்பதாயிரம் பேர் இருக்கும். நாளை ஜெயித்தால் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இடம். ஆர்டிஎல் சேனலில் இலவசமாகவே போடுகிறார்கள், பாருங்கள்.

மயிலாப்பூர்க்காரன்:
சார், நான் ரயிலைப் பற்றித்தான் கேட்டேன்.

கிளாஸ்கோ மாப்பிள்ளை:
11ஆம் இடத்துக்கே இவ்வளவு அலட்டலா? எங்கள் ரேஞ்சர்ஸ் 2012இல் பணம் இல்லாமல் மூழ்கி, நான்காம் நிலை லீக்கிலிருந்து ஏறி வந்த டீம். உங்கள் ஜெர்மனியின் டார்ட்மண்டில் போய் நாலு கோல் அடித்தோம், லைப்சிக் டீமையும் வெளியே அனுப்பிவிட்டோம். இங்கே கிளாஸ்கோவில் ஆபீஸே காலி. டிக்கெட் இல்லாதவர்கள்கூட செவில் போய்விட்டார்கள். அந்த மைதானத்தில் நாற்பதாயிரம் பேர்தான் உட்காரலாம்.

பழைய அகதி:
தம்பி, நாங்கள் 80களில் வந்தபோது கூட்டிப்போக ஆரும் இல்லை. முகாமில் இருந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போகவே அனுமதிக் கடிதம் எடுக்க வேணும். 1988இல் ஐன்ட்ராக்ட் ஜெர்மன் கோப்பையை எடுத்ததை முகாமில் இருந்த சின்ன டிவியில்தான் பார்த்தோம். கூட்டத்துக்குப் பயப்படாதையுங்கோ. பிள்ளையைக் கண்டால் சனம் இடம் விடும். ரயிலிலேயே வாங்கோ.

இட்லிமாவு:
அண்ணா சொல்வது சரியில்லை. பியர் குடித்த கூட்டத்துக்குள் தள்ளுவண்டியோடு போகவே கூடாது. டாக்ஸிதான். அது கிடக்கட்டும், வீடு கிடைத்துவிட்டதா? என் முதல் குளிர்காலம் முழுக்க ஷூஃபா (கடன் நம்பகத்தன்மைச் சான்று) இல்லை என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவைச் சாத்தினார். ஞாயிறு வந்தால் ஒரு கடை திறக்காது, பாலுக்குப் பெட்ரோல் பங்க் போக வேண்டும்.

ஹெஸன்வாசி:
ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு அப்பாயின்ட்மென்ட்டை விட்டுவிட்டீர்களே. மாதம் முழுக்க லோக்கல் ரயில், பஸ்ஸில் போக இந்த ஒன்பது யூரோ டிக்கெட்டும் ஜூனில்தான் வருமாம். புதிதாக வந்தவருக்கு எதுவும் நேரத்துக்கு வராது.

எஸ்பான் பிரியன்:
புலம்பல் போதும். தம்பி, எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள்? எந்த டெர்மினல்? வீடு எங்கே?

மயிலாப்பூர்க்காரன்:
மன்னிக்கவும். இரவு 8.15, இரண்டாம் டெர்மினல், வீடு போர்ன்ஹைம் பகுதியில்.

எஸ்பான் பிரியன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மேட்ச் செவிலில்தான், ஆனால் இங்கே நம் ஸ்டேடியத்தில் பெரிய திரை வைக்கிறார்கள், ஐம்பதாயிரம் பேர் வருவார்கள். ஏர்போர்ட் போகும் எஸ்8, எஸ்9 ரயில்கள் இரண்டும் அந்த ஸ்டேடியம் ஸ்டேஷனில் நின்றுதான் போகும். ஆகவே சிக்கல் உங்களுக்கு, மனைவிக்கு அல்ல. ஏழு மணிக்குக் கிளம்பினால் நசுங்குவீர்கள், ஐந்தரைக்கே போய் ஏர்போர்ட்டில் காபி குடியுங்கள். மேட்ச் ஒன்பதுக்கு. பெட்டி எடுத்து வெளியே வர ஒன்பதரை ஆகும். ஷட்டில் பஸ்ஸில் முதலாம் டெர்மினல் வந்து ரயில் ஏறுங்கள், அந்த நேரத்தில் ரயில் காலியாகத்தான் இருக்கும். கான்ஸ்டாப்ளர்வாஹே ஸ்டேஷனில் இறங்கி யு4 மெட்ரோ. மேட்ச் 10.50 வாக்கில் முடியும், பெனால்டி வரை போனால் நள்ளிரவு நெருங்கும். விமானம் தாமதமாகி 10.30 தாண்டினால் மட்டும் டாக்ஸி. குழந்தை சீட் வேண்டுமென்று இப்போதே போனில் சொல்லி வையுங்கள், நேரில் கேட்டால் கிடைப்பது சந்தேகம். கொரோனா விதிப்படி ரயிலில் இன்னும் மாஸ்க் கட்டாயம்.

மயிலாப்பூர்க்காரன் (மறுநாள்):
எல்லோருக்கும் நன்றி. ரயில் பெட்டியில் எங்களையும் சேர்த்து நாலைந்து பேர்தான். கான்ஸ்டாப்ளர்வாஹேயில் மாறும்போது ஒருவர் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ரேஞ்சர்ஸின் ஆரிபோ கோல் போட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ஐன்ட்ராக்டின் போரே சமன் செய்துவிட்டார், தெருவே கத்தியது. அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட்டில் ரேஞ்சர்ஸின் ராம்ஸி அடித்ததை நம் கோல்கீப்பர் ட்ராப் தடுத்ததும், போரே கடைசியாக அடித்து ஐன்ட்ராக்ட் 5-4 என்று ஜெயித்ததும் பக்கத்து வீட்டு டிவியிலேயே கேட்டது. குழந்தை விடிய விடியத் தூங்கவில்லை. இன்று மாலை நகர மன்றமான ரோமர் பக்கம் தள்ளுவண்டி வாங்கப் போகலாமா?

கிளாஸ்கோ மாப்பிள்ளை:
வாழ்த்துகள். பெனால்டியில் தோற்பதைவிட 3-0 என்று தோற்றிருக்கலாம்.

எஸ்பான் பிரியன்:
இன்று ரோமரா! கோப்பையோடு டீம் அங்கேதான் பால்கனியில் நிற்கப் போகிறது. வெள்ளி அல்லது சனி போங்கள். ஞாயிறு கடை கிடையாது.