மெல்லிய கோடுகள் மட்டும் டாட்டூ ஸ்டென்சிலில் நிற்பதில்லை

டாட்டூ குத்துமுன் தோலில் பதிக்கும் ஊதா ஸ்டென்சிலில் (படியெடுத்த வரைபடம்) தடித்த கோடுகள் கடைசிவரை பளிச்சென்று இருக்கின்றன. மெல்லிய கோடுகள் துடைக்கத் துடைக்க அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகின்றன. ஊதா நிறம் பரவவில்லை, வெளிறிப்போகிறது. ஆகவே ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டவைக்கும் ஜெல் அதிகமானதால் வந்ததல்ல.

இடம் முன்கை உட்புறம். ஸ்டென்சில் எடுப்பது ஏ4 தெர்மல் பிரிண்டரில் (வெப்பத்தால் கார்பனைத் தாளில் இறக்குவது), போன மாதத்திலிருந்து இந்தத் தொல்லை. ஸ்டென்சில் தாளின் நடுவிலுள்ள மெல்லிய பாதுகாப்புத் தாளை எடுத்துவிட்டுத்தான் அச்சிடுகிறேன்.

செய்து பார்த்தவை: ஷேவ் செய்து, பச்சை சோப்பால் (டாட்டூவுக்குத் தோலைக் கழுவும் திரவ சோப்பு) கழுவி, 70% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தோல் காய்ந்தபின் ஜெல்லைப் பிசுபிசுப்பு வரும்வரை தேய்த்தேன். தாளை உரித்தபின் 15 நிமிடம் உலரவிட்டேன். வேலையைக் கீழிருந்து தொடங்கி, தேய்க்காமல் ஒற்றியே எடுக்கிறேன். பிரிண்டர் ஹெட்டையும் ஆல்கஹாலால் சுத்தம் செய்தாயிற்று.

முக்கியமான ஒன்று: அதே கட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் மெல்லிய கோடும் அசையாமல் நிற்கிறது. தாளின் பின்புறத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்; பேனாக் கோட்டில் கார்பன் திட்டாக இருக்கிறது, அச்சிட்டதில் புள்ளி புள்ளியாக விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. அடர்த்தியைக் கூட்டினால் நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கோடுகள் ஒட்டாமல், தெர்மல் பிரிண்டரில் மெல்லிய கோட்டுக்குக் கார்பன் முழுதாக இறங்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?