சோம்பேறித்தனமா, ரிட்டர்ன் கூலியா?

வலைவணிகன்: கென்யாவில் 2007-லேயே எம்-பெசா வந்து, போனிலேயே பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். போன் இருக்கிறது, நெட் இருக்கிறது. இன்னமும் வளரும் நாடுகளின் சிறு வியாபாரிகள் ஆன்லைனுக்கு வராததற்கு ஒரே காரணம் சோம்பேறித்தனம். சாக்குச் சொல்லாதீர்கள்.

தராசுமுள்: சோம்பேறியா? மூன்று வருடம் ஆன்லைனில் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டவன் கேட்கிறேன். திரும்பி வரும் பார்சலுக்குக் கூலி யார் கொடுப்பது? எம்-பெசா பணத்தை அனுப்பும், சரி. பார்சலைச் சுமக்குமா?

வலைவணிகன்: அதை விலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதுகூடத் தெரியாமலா விற்க வந்தீர்கள்?

தராசுமுள்: ஏற்றினால், அதே பொருளைக் குறைந்த விலையில் பக்கத்திலேயே காட்டுகிறதே தளம்! ஒரே ஒரு பார்சலைச் சொல்கிறேன். மேசை விளக்கு. கைக்கு வந்ததும் காசு என்று ஆர்டர். வாங்கியவர் போனை எடுக்கவில்லை. பதினெட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. நான் ஒட்டிய டேப்பின் மேல் வேறு டேப், உள்ளே விளக்கின் கழுத்து ஒடிந்திருந்தது. போன கூலி, வந்த கூலி இரண்டும் என் தலையில். எடையாவது நியாயமா? பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்களாம். 30, 25, 20. மூன்று கிலோ! விளக்கு ஒரு கிலோகூடத் தேறாது. காற்றுக்கும் கூலி கட்டினேன்.

கிழிந்தபில்: சீனாவில் 2004-லேயே அலிபே வந்துவிட்டதே. வாங்குபவர் பணம் நடுவில் நிற்கும், சரக்கு கிடைத்தது என்றதும் விற்றவருக்குப் போகும். பிரச்சினை நம்பிக்கைதான், கூலி அல்ல.

தராசுமுள்: நான் பார்சலைக் கேட்டால் நீங்கள் பணப்பையைக் காட்டுகிறீர்கள்.

கிழிந்தபில்: முன்பணம் கட்டியவன் போனை எடுப்பான் ஐயா.

தராசுமுள்: எடுத்து, 'பிடிக்கவில்லை' என்பான். அப்போது கூலி?

ஓரமாய்_ஒருவன்: ஜுமியா 2012-ல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கிய ஆன்லைன் விற்பனைக் கம்பெனி. 2019-ல் கேமரூனிலும் தான்சானியாவிலும் மூட்டை கட்டியது. அவர்களுக்கே அந்தக் கதி. சிறு கடைக்காரர் சோம்பேறியாம்!

வலைவணிகன்: நைஜீரியாவிலும் கென்யாவிலும் தொடர்ந்து ஓடியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? போன மாதம் க்யூஆர் கோடு விவாதத்திலும் இதே பாதிக் கதைதான்.

ஓரமாய்_ஒருவன்: அதில் பதில் சொல்லாமல் ஓடியது யார்?

கிழிந்தபில்: பழைய சண்டை எதற்கு? அப்புறம், அது 'ஜூமியா'.

ஓரமாய்_ஒருவன்: பிழை திருத்தத்தான் வந்தீர்களா?

தராசுமுள்: குறிலோ நெடிலோ, திரும்பும் பார்சலுக்குக் கூலி யார்?

வலைவணிகன்: இந்த ஒரு வரியைத் தவிர வேறு தெரியாதா? ஒழுங்காக பேக் செய்திருந்தால் உடைந்திருக்காது.

தராசுமுள்: இரண்டு அடுக்கு அட்டை, நடுவில் தெர்மாகோல். உங்கள் கையால் ஒரு பார்சலாவது கட்டியதுண்டா? விற்பது எப்படி என்று வகுப்பு எடுப்பவர்தானே நீங்கள்! நான் இப்போதும் விற்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு.

கிழிந்தபில்: அதுவும் ஆன்லைன் விற்பனைதானே!

தராசுமுள்: இல்லை. அதில் ரிட்டர்ன் கிடையாது.

வலைவணிகன்: முன்பணம் வாங்குகிறாராம்! இவ்வளவு நேரம் அதைத்தானே கிழிந்தபில் சொன்னார்?

தராசுமுள்: பேச்சை மாற்றாதீர்கள். கூலி யார் என்று இன்னும் வரவில்லை.